பிழை அடையாளமா? திருகோணமலை வளாக மின்னஞ்சலை முன்வைத்து ஹேர்லியின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

பிழை மலிந்த கடிதம் போலிக் கடிதம் என்பது பல்கலைக்கழகக் கணினிப் பிரிவுகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை. இதற்குக் கோட்பாட்டு வலுவாக இன்று காட்டப்படுவது மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கோர்மாக் ஹேர்லி 2012 இல் எழுதிய கட்டுரை. நைஜீரிய மோசடிக்காரர்கள் தம்மை நைஜீரியர் என்றே ஏன் சொல்லிக்கொள்கிறார்கள் என்று அதில் அவர் கேட்டார். நம்பவே முடியாத கதையைச் சொன்னால் விழிப்புள்ளவர் பதில் எழுதமாட்டார். எளிதில் நம்புகிறவர் மட்டுமே எழுதுவார். எனவே ஏமாற்றுபவனின் உழைப்பு வீணாகாது என்பது அவர் தந்த விடை. அவர் பேசியது கதையின் நம்பமுடியாமை பற்றி. எழுத்துப்பிழையும் வேண்டுமென்றே செய்யப்படுவதே என்று அதை நீட்டியவர்கள் பின்வந்தோர்.

ஹேர்லியின் தருக்கம் கணக்களவில் பிழையற்றது. ஆனால் அது ஒரு மாதிரி. மோசடிக்காரரின் உள்நோக்கத்துக்கு நேரடிச் சான்று அதில் இல்லை. மாதிரியின் அடித்தளமோ, பதில் வந்த பிறகு வாரக்கணக்கில் பேசிப் பணம் கறக்கும் உழைப்பு. கடவுச்சொல் திருட்டில் அந்த உழைப்பே கிடையாது. பெறுபவர் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டிய கணத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அங்கே ஆளைச் சலித்தெடுக்க வேண்டிய தேவை எங்கிருந்து வரும்? வளாகங்களைத் தாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட, ஈரானின் மப்னா நிறுவனத்தார் மீதான வழக்கின் குற்றப்பத்திரிகை இதற்குத் துணைநிற்கிறது. உலகெங்கும் 1,00,000 பேராசிரியர் கணக்குகள் குறிவைக்கப்பட்டு ஏறத்தாழ 8,000 வீழ்ந்தன. அமெரிக்காவில் 144, பிற 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்கள் பாதிக்கப்பட்டன. உங்கள் கட்டுரையைப் படித்தேன், இவற்றையும் பாருங்கள் என்று இன்னொரு பேராசிரியர் எழுதுவதுபோல் கடிதம் வரும். இணைப்பைச் சொடுக்கினால் பெறுபவரின் பல்கலைக்கழகத்தினுடையதைப் போன்ற நுழைவுப்பக்கம் திறக்கும். நம்பவைப்பதற்கே இவ்வளவு பாடும்.

பிழை ஏமாற்றுபவனுக்கே கேடாகலாம் என்பதற்கு இலங்கையோடு தொடர்புடைய ஒரு நிகழ்வு உண்டு; அதன் பாடபேதத்தில் சற்று நிற்க வேண்டும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து களவாடப்பட்ட பணத்தில் 2 கோடி டொலர் கொழும்பு வங்கியொன்றிலிருந்த ஓர் அறக்கட்டளையின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் பிழையாக இருந்ததால் இடையிலிருந்த ஜெர்மானிய வங்கி விளக்கம் கேட்டது, பணம் திரும்பியது. அந்தப் பிழையின் வடிவம் என்ன? அவ்வாண்டு மார்ச்சில் வந்த ராய்ட்டர்ஸ் செய்தியில், ‘எஃப்’ எழுத்தை அடுத்து ‘ஓ-யூ’ நிற்க வேண்டிய இடத்தில் ‘ஏ’ நிற்கிறது. வேறு பதிவுகளில் ‘ஓ’ மட்டும் விடுபட்டு ‘யூ’ எஞ்சியிருக்கிறது. இரண்டாவது, விரல் தவறியதால் நேர்வது. முதலாவது, காதால் கேட்ட ஒலியை எழுதியவரின் பிழையாக எனக்குப் படுகிறது. மூல ஆவணத்தைக் கொண்டன்றி இதைத் தீர்க்க முடியாது; ஆயினும் முதல் வடிவமே மூலம் என்ற பக்கம் சாய்கிறேன். அரிய வடிவத்தைப் பழகிய வடிவத்துக்கு நெருக்கித் திருத்துவது படியெடுப்போர் இயல்பு. எந்த வடிவமாயினும், அப்பிழை அனுப்பியவரை 2 கோடி டொலரை இழக்கச் செய்தது. அதை உத்தி என்று எவரும் சொல்ல முடியாது. பணம் நின்றதற்குத் தொகையின் அளவைக் கண்டு கொழும்பு வங்கி ஐயுற்றதும் காரணம் என்பதால், முழுப் பெருமையையும் பிழைக்கே தருவதும் சரியன்று. இது வங்கிக் கட்டளை, மின்னஞ்சல் அல்ல என்ற தடை எழலாம். ஆனால் அக்களவுக்கு வழிதிறந்தவை மின்னஞ்சல்களே. வேலை தேடுபவர்போல் 2015 ஜனவரியிலேயே பங்களாதேஷ் மத்திய வங்கி ஊழியர்களுக்குக் கடிதங்கள் வந்ததை 2018 செப்டெம்பரில் வெளியான அமெரிக்கக் குற்றமுறைப்பாடு விவரிக்கிறது. அந்தக் கடிதங்களை ஊழியர்கள் நம்பித் திறந்தார்கள்.

திருகோணமலைக்கு வருவோம். நிலாவெளிப் பாதையில் கோணேசபுரியில் உள்ள வளாகம் 1993 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001 இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. அக்காலத்தில் ஈழத்துத் தமிழ்த் தட்டச்சு பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் நடந்தது. பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கடிதம் குறியீட்டுக் குவியலாகவே திறக்கும். ஆகவே அலுவல் மின்னஞ்சல் ஆங்கிலத்தில் வேரூன்றியது. யூனிகோட் வந்த பின்னும் அந்த வழக்கம் முழுதும் மாறவில்லை. உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்து வந்த மாணவரிடம் ஆங்கிலப் பிழையைக் கண்டுபிடி என்பது அவர் கையில் இல்லாத கருவியைக் கேட்பதாகும். கடிதம் தமிழில் வந்தாலும் பிழை உதவாது. அரச அறிவித்தல்களின் தமிழ் எவ்வளவு பிழையுடையது என்பது இந்த மாவட்டத்தார் பெயர்ப்பலகைகளில் நாள்தோறும் காண்பது. உண்மையான கடிதமே பிழையோடு வரும் ஊரில் பிழை எதையும் பிரித்துக் காட்டாது. செயற்கை நுண்ணறிவு பிழையற்ற கடிதம் எழுதித் தரும் இன்று, அந்த அறிவுரை ஆங்கிலம் நன்கறிந்தவருக்கும் உதவாது.

முன்பணம் கேட்கும் கடிதங்களில் ஹேர்லி சொன்னது சரியாக இருக்கலாம். அதை மறுக்கப் போதிய சான்று என்னிடம் இல்லை. வளாகத்துக்கு அதைப் பொருத்துவதையே மறுக்கிறேன்.

பிழைக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது முகவரி. அதை வலமிருந்து படிக்க வேண்டும். டிசி.ஈஎஸ்என்.ஏசி.எல்கே என்பதில் எல்கே நாடு, ஏசி உயர்கல்வி, ஈஎஸ்என் கிழக்குப் பல்கலைக்கழகம், டிசி திருகோணமலை வளாகம். இணைப்பில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் எல்கே-க்கு அப்பால் இன்னொரு சொல் நீண்டால் அது வளாகத்தின் முகவரி அன்று. களவுபோன கணக்கொன்றிலிருந்து உண்மையான முகவரியோடும் போலிக் கடிதம் வரக்கூடும் என்பதால் இதுவும் முழுக் காப்பல்ல. மகாபொலப் புலமைப்பரிசில் கொடுப்பனவோ பரீட்சைப் பெறுபேறோ எதைச் சொல்லிக் கடிதம் வந்தாலும், அதிலுள்ள இணைப்பின் வழியே கடவுச்சொல்லைக் கொடுக்கக் கூடாது. வளாகக் கணினிப் பிரிவினர் புதுமுக மாணவருக்கான கையேட்டில் எழுத்துப்பிழை பற்றிய வரி இருந்தால் அதை நீக்கி, முகவரியைப் படிக்கும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் முதற்பக்கத்தில் அச்சிட வேண்டும்.