வாரங்களின் பண்டிகை: தாம்பரம் வட்டாரக் கிறிஸ்தவ மரபில்

வாரங்களின் பண்டிகை யூதர்களின் கோதுமை அறுவடைத் திருநாள். எபிரேயத்தில் ஷாவுவோத் எனப்படும். பஸ்காவை ஒட்டி முதல் வாற்கோதுமைக் கதிர்க்கட்டை ஆண்டவர் முன் அசைவாட்டிய நாளிலிருந்து ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாவது நாளில் இதைக் கொண்டாடினார்கள். இயேசுவை மேசியாவாக ஏற்றவர்களுக்கு இதுவே பெந்தெகொஸ்தே, பரிசுத்த ஆவி இறங்கிய நாள். சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர்களில் இந்தப் பண்டிகையின் பெயரையே தங்கள் பெயராகக் கொண்ட சபைகள் ஏராளம். அவற்றுள் பெரியதான பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையகம் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் இருக்கிறது.

பண்டிகையின் மூலச் சட்டம் லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் உள்ளது. புதிய கோதுமை மாவில் புளிப்புச் சேர்த்துச் சுட்ட இரண்டு அப்பங்களைப் படைக்க வேண்டும். மற்றப் படையல்களில் புளித்த மாவு பொதுவாக விலக்கு. இங்கே அதுவே கட்டளை. யாத்திராகமம் இதை அறுப்புக்காலப் பண்டிகை என்றும், எண்ணாகமம் முதற்பலன்களின் நாள் என்றும் சொல்கின்றன. எருசலேமுக்கு யாத்திரை போக வேண்டிய மூன்று பண்டிகைகளில் இது ஒன்று. முதற்பலன் கூடைகளோடு ஊர் ஊராக மக்கள் திரண்டு வந்ததை யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விரிவாக வர்ணிக்கிறது. முன்னால் பொன் பூசிய கொம்புகளோடு ஒரு காளை நடக்கும், புல்லாங்குழல் ஒலிக்கும், நகரத்துக் கைவினைஞர்கள் வேலையை விட்டு எழுந்து நின்று வரவேற்பார்கள். விவசாயி கூடையைக் கொடுத்துவிட்டு, நாடற்ற அகதியாக அலைந்த தன் முன்னோரின் கதையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விளைச்சலுக்கு நன்றி சொல்லும்போதே பழைய வறுமையையும் அறிக்கையிடச் செய்வது இந்தச் சட்டத்தின் தனிச்சிறப்பு.

கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தபின் படையலுக்கு வழியில்லை. ரபிகளின் மரபில் இந்நாள் சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் அருளப்பட்ட நாளாக நிலைபெற்றது. இரவு முழுதும் விழித்திருந்து வேதம் படிப்பதும், ரூத் புத்தகத்தை வாசிப்பதும், பால் பலகாரம் உண்பதும் இன்றுவரை வழக்கம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரம் ஆலயம் இன்னும் நின்ற காலத்தைச் சொல்கிறது. பார்த்தர், மேதர், எகிப்தியர், ரோமர் எனப் பல நாட்டு யூதர்கள் அன்று எருசலேமில் கூடியிருந்ததற்குக் காரணமே இந்த அறுவடை யாத்திரைதான். சீஷர்கள் பேசியதை அவரவர் தம் தம் பாஷையில் கேட்டார்கள். ஏறக்குறைய 3000 பேர் அன்று ஞானஸ்நானம் பெற்றார்கள். பொன் கன்றுக்குட்டியின் நாளில் சீனாயில் மடிந்தவர்களும் ஏறக்குறைய 3000 பேர் என்பதால், நியாயப்பிரமாணம் கொன்றது, ஆவி உயிர்ப்பித்தது என்று மேடைகளில் ஒப்பிட்டுப் பேசுவது உண்டு. ஒப்பீடு கவர்ச்சியானது, ஆனால் அரைகுறையானது. அன்று மனந்திரும்பிய 3000 பேரும் அந்த நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்படிந்து பண்டிகைக்கு வந்தவர்களே.

மேசியாவை ஏற்ற யூதர்களின் வாசிப்பு இந்த இடத்தில்தான் துணை செய்கிறது. கிஷினேவ் நகரில் 1880-களில் ஜோசப் ரபினோவிச் தொடங்கிய சபையிலும், பிற்காலத்தில் மேசியானிய யூதர் என்று பெயர் கொண்ட இயக்கத்திலும், யூத அடையாளத்தை விட்டுவிடாமலே இயேசுவை ஏற்கும் வழி தேடப்பட்டது. மேசியானியர் பலருடைய விளக்கத்தில் முதல் கதிர்க்கட்டு உயிர்த்தெழுந்த இயேசு. மரித்தோரில் அவரே முதற்பலன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். புளித்த இரண்டு அப்பங்கள் யூதரும் புறஜாதியாரும். இருவரும் குறையுள்ளவர்கள், குறையோடேயே ஒரே பலிபீடத்தின் முன் ஏற்கப்படுகிறார்கள். பிரமாணத்தை இருதயத்தில் எழுதுவேன் என்ற எரேமியாவின் வாக்குத்தத்தத்தை நடபடிகளோடு சேர்த்து வாசிக்கும்போது சீனாயும், சீஷர்கள் கூடியிருந்த மேலறையும் எதிரெதிரே நிற்பதில்லை, ஒன்றையொன்று நிறைவாக்குகின்றன. பழைய பண்டிகையை உமியாகவும் புதியதை அரிசியாகவும் பிரிக்கிற பிரசங்கத்தைவிட இது வேதத்துக்கு நெருக்கமானது.

இந்தக் கதை தென்சென்னைக்கு வந்த விதத்தை மரபு அப்போஸ்தலர் தோமாவிலிருந்து தொடங்குகிறது. மேலறையில் கூடியிருந்தவர்களின் பட்டியலில் தோமாவின் பெயர் உண்டு. அவர் மயிலாப்பூருக்கு வந்து, பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது தொன்மையான நம்பிக்கை. அதன்படி பார்த்தால், அந்த அறுவடை நாளின் நேரடிச் சாட்சி ஒருவர் தாம்பரத்துக்குச் சில மைல் தொலைவில் தம் ஓட்டத்தை முடித்திருக்கிறார். யூதர்களும் மதராஸில் இருந்தார்கள். வைரமும் பவளமும் விற்ற போர்த்துகீசிய வழி யூத வணிகர்கள் 17-ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி வாழ்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஜாக் டி பைவா 1687-இல் இங்கே இறந்தார். மதராஸ் மாநகராட்சி 1688-இல் உருவானபோது ஆல்டர்மேன்களில் யூதர்களும் இடம்பெற்றார்கள். லாயிட்ஸ் சாலைக் கல்லறைத் தோட்டம் அவர்களது எச்சம். ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர் இந்தப் பண்டிகையை அறிந்தது அண்டை வீட்டு யூதரிடமிருந்து அல்ல, அச்சிட்ட வேதத்திலிருந்து. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை முடித்து, பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில் 1719-இல் இறந்தார். ஷாவுவோத்தில் யூதர் வாசிக்கும் அந்தச் சிறு புத்தகம் அவர் தமிழுக்குத் தந்த கடைசிப் புத்தகமாயிற்று.

ஆவியின் அனுபவமோ வெளிநாட்டு இறக்குமதி அல்ல. ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் நடத்திய கிறிஸ்தியான்பேட்டையை மையமாகக் கொண்டு 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டன. 1905-இல் மகாராஷ்டிரத்தில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் பரவியது. உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் சொல்லும் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருக் கூட்டங்கள் 1906-இல்தான் தொடங்கின. இவற்றையெல்லாம் பெந்தெகொஸ்தேயினர் பின்மாரி என்கிறார்கள். இஸ்ரவேலில் விதைப்புக்கு முன்மாரி, கதிர் முற்றப் பின்மாரி. முதல் நூற்றாண்டில் பெய்தது முன்மாரி, கடைசி அறுவடைக்கு முன் பெய்வது பின்மாரி என்பது அவர்களது நம்பிக்கை.

இரும்புலியூரின் கதை கொழும்பில் தொடங்குகிறது. 1881-இல் கேரளத்தில் ஈழவக் குடும்பத்தில் பிறந்த ராமன்குட்டி, சிறுவயதில் இலங்கைக்குப் போய், கிறிஸ்துவை ஏற்று, பவுல் என்று பெயர் பெற்று, 1920-களின் முற்பாதியில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். 1945-இல் அவர் மறைந்தார். இந்தியாவில் சபையின் பெயர் பின்னர் பெந்தெகொஸ்தே மிஷன் என்று மாறியது. வெள்ளாடை உடுத்து, மணம் செய்யாமல், சம்பளமின்றி, விசுவாச வீடுகளில் கூடி வாழும் ஊழியரே அதன் முதுகெலும்பு. ஆட்டுக்குட்டியானவரைப் பின்பற்றும் கற்புள்ளவர்களை வெளிப்படுத்தின விசேஷம் 14-ஆம் அதிகாரம் முதற்பலன் என்கிறது. அறுவடைப் படையலின் சொல் இங்கே தானியத்தை விட்டு மனிதருக்கு மாறிவிட்டது, களத்து மணிக்குப் பதில் ஒரு வாழ்க்கையே முழுதாகப் படைக்கப்படுகிறது. இரும்புலியூர்க் கன்வென்ஷனில் ஒரே பிரசங்கத்தைப் பல மொழியினர் மொழிபெயர்ப்பின் வழியே கேட்பதைப் பார்க்கிறவர்களுக்கு நடபடிகளின் இரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வரும்.

இரும்புலியூருக்கு அருகிலேயே, 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரிப் பேரவை கூடியது. அதையொட்டி மதராஸில் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பின் ஆசிரியர்களில் ஒருவர் பி. செஞ்சையா. பரிசுத்த ஆவியை, மனிதனைப் புதுப்படைப்பாக்கும் புதிய சக்தியாக அவர் விளக்கினார். பெந்தெகொஸ்தே சபையாரின் உலகமும் அவருடையதும் வேறு வேறு. ஆனாலும் இருதரப்பாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பெந்தெகொஸ்தே நாளின் பொருளைத் தேடினார்கள் என்பது இந்த வட்டாரத்தின் பேறு.

தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபைகள் போன்றவற்றில் பெந்தெகொஸ்தே ஞாயிறு ஈஸ்டர் கணக்குப்படி வரும். யூத நாள்காட்டியோடு அது பெரும்பாலும் ஒட்டாது: 2024-இல் பெந்தெகொஸ்தே மே 19, ஷாவுவோத் ஜூன் 12, 2025-இல் ஜூன் 8, ஜூன் 2. எப்படியும் நம் பக்கம் அப்போது கத்திரி வெயில், அல்லது அது அடங்கிய வைகாசி வெக்கை. அறுவடைக் காலம் அல்ல. அதனால் விளைச்சலுக்கான நன்றி தனியே பிரிந்து, அறுப்பின் பண்டிகை என்று வேறொரு ஞாயிற்றில் நடக்கிறது. பலிபீடத்தின் முன் வாழைத்தார், கரும்பு, பூசணி, தேங்காய், முட்டை, கால் கட்டிய கோழி. ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவும்போதே விலை ஏறும். ஒரு தேங்காயைப் பல மடங்கு விலைக்கு எடுத்தவர் அதை மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றிலோ ஆண்டுக்கொரு நாள் என்ற கணக்கு முக்கியமல்ல. அபிஷேகத்துக்காகக் கூடும் ஒவ்வொரு காத்திருப்புக் கூட்டமும் அவர்களுக்குப் பெந்தெகொஸ்தே நாளே.

1931-இல் மின்சார ரயில் வந்தபின் ஏரிப்பாசன வயல்கள் மனைகளாயின. 1984-இல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. தாம்பரம் 2021-இல் மாநகராட்சியானது. நிலம் போனாலும் முதற்பலன் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் முதல் மாதச் சம்பளத்தை உறையில் போட்டு, போதகர் கையில் கொடுத்து ஜெபிக்கச் சொல்வது பல சபைகளிலும் காணும் வழக்கம்.

லேவியராகமத்தில் இந்தப் பண்டிகைச் சட்டத்தை முடித்துவைக்கும் வசனம் ஒன்று உண்டு. வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்பது அதன் சாரம். மோவாபிய விதவையான ரூத் பிழைத்தது அந்த ஓரத்தில்தான். தாம்பரத்தில் பண்டிகையின் தானியப் பகுதியைச் சில சபைகளும் ஆவிப் பகுதியை வேறு சபைகளும் காத்துவந்திருக்கின்றன, இந்த மூன்றாம் பகுதிக்குத்தான் நிலையான சடங்கு எதுவும் உருவாகவில்லை. ஏலப் பணம் பல இடங்களில் கட்டட நிதிக்கோ சபைச் செலவுக்கோ போகிறது. பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் அடுக்குமாடி எழுப்ப வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், வேதத்தின் கணக்கில், அந்த ஓரத்துக்கு உரிமையுள்ள பரதேசிகள்.