ஊர் ஒண்ணு, பட்டம் வேறொண்ணு

ஆஸ்திரேலியா போகாமலே ஆஸ்திரேலியப் பட்டம். இங்கிலாந்துக் குளிர்ல நடுங்காமலே இங்கிலாந்துப் பட்டம். கோலாலம்பூர் பக்கத்துலயோ துபாயிலயோ அந்தப் பல்கலைக்கழகத்தோட கிளை வளாகம் இருக்கும், அங்க சேர்ந்து படிச்சாலே போதும், செலவும் கம்மி. ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க இருக்கிற வீடுகள்ல இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடுது.

விண்ணப்பப் படிவத்தை எடுத்தா அது நம்மகிட்ட ஏகப்பட்ட கேள்வி கேக்கும். மார்க் எவ்வளவு, ஆங்கிலத் தேர்வு எழுதியாச்சா, பணம் கட்டப்போறது அப்பாவா பேங்கா... எல்லாம் சரி. நாம அந்தப் பல்கலைக்கழகத்துகிட்ட திருப்பிக் கேக்க வேண்டியது என்ன? அதுக்கான பதில் இந்தக் கிளைகளோட சரித்திரத்துலயே இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாங்க.

தாட்சர் ஏத்தின ஃபீஸ்

மலேசியாவுல ஆரம்பிக்கலாம். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1971ல அங்கே புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. வறுமையை ஒழிக்கிறது, பூமிபுத்ராக்களோட பங்கை உயர்த்துறதுன்னு ரெண்டு நோக்கம். அதை ஒட்டி அரசுப் பல்கலைக்கழகங்கள்ல இனவாரி ஒதுக்கீடும் வந்தது. 1970களோட கடைசியில நாட்டுல இருந்த அரசுப் பல்கலைக்கழகமே அஞ்சுதான். நல்ல மார்க் வாங்கியும் இடம் கிடைக்காத சீன, இந்தியப் பிள்ளைகள் வெளிநாட்டுப் பக்கம் பார்க்க வேண்டியதாச்சு. தோட்டத்துல பால்மரம் வெட்டின தமிழ்க் குடும்பங்களுக்கு அதெல்லாம் கனவுலயும் நடக்காத காரியம். கொஞ்சம் வசதி இருந்த வாத்தியார், கிராணி வீடுகள்ல நகையையும் நிலத்தையும் வச்சுப் பிள்ளையை அனுப்பினாங்க. டாக்டர் ஆகணும்னு நம்ம மணிப்பாலுக்கு வந்தவங்களும் நிறைய. பின்னாடி 1997ல மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரின்னு ஒண்ணு வந்துச்சே, பாதிப் படிப்பு கர்நாடகத்துல, மீதி மலாக்காவுல, அதுக்கு வேர் இங்கதான்.

ஆனா ரொம்பப் பேருக்கு முதல் ஆசை பிரிட்டன்தான். அங்கேதான் இடி விழுந்தது. அதுவரைக்கும் வெளிநாட்டு மாணவர்களோட படிப்புச் செலவுல ஒரு பகுதியை பிரிட்டிஷ் அரசு ஏத்துக்கிட்டிருந்தது. 1979ல ஆட்சிக்கு வந்த தாட்சர் அதை நிறுத்தினார். 1980லேர்ந்து புதுசா வர்ற வெளிநாட்டு மாணவர்கள் முழுச் செலவையும் கட்டணும்னு ஆச்சு. மாணவர்களை அதிகமா அனுப்பின நாடுகள்ல மலேசியாவும் ஒண்ணு, அடியும் அதுக்கேத்த மாதிரி பலமா விழுந்தது.

1981 அக்டோபர்ல மகாதீர் "பிரிட்டிஷ் சாமானைக் கடைசியா வாங்கு"ன்னு ஒரு கொள்கையை அறிவிச்சாரே, நினைவிருக்கா? அதுக்கு ஒரு காரணம் கத்ரி தோட்டக் கம்பெனியோட பங்குகளை மலேசியா லண்டன்ல ஒரே காலையில வாங்கிப் போட, அதுக்கப்புறம் அங்கே விதிகளை மாத்தினது. இன்னொரு காரணம் இந்த ஃபீஸ். மகாதீர் 1983ல அந்தக் கொள்கையைக் கைவிட்டார். ஃபீஸ் மட்டும் இறங்கவே இல்லை :-)

வீட்டுல காசு பத்தாதப்ப நம்ம ஆட்கள் என்ன செய்வாங்க? வழி கண்டுபிடிப்பாங்க. தனியார் கல்லூரிகள் பட்டம் கொடுக்கச் சட்டத்துல இடமில்லை. அதனால ட்வின்னிங் வந்தது. முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் பெட்டாலிங் ஜெயாவுலயோ சுபாங்லயோ படி, கடைசி வருஷங்களுக்கு மட்டும் வெளிநாடு போ. ஒண்ணு கூட்டல் ரெண்டு, ரெண்டு கூட்டல் ஒண்ணுன்னு இதுக்குப் பேரே வச்சுட்டாங்க.

ரிங்கிட் விழுந்தது, வளாகம் எழுந்தது

1996ல தனியார் உயர்கல்விச் சட்டம் வந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உள்ளே வந்து கிளை திறக்கலாம்னு கதவைத் திறந்தது. அடுத்த வருஷமே ஆசிய நிதி நெருக்கடி. டாலருக்கு 2.50 பக்கம் இருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில ஒரு கட்டத்துல 4.80ஐயும் தாண்டிச்சு. ஒரு கணக்குக்குச் சொல்றேன். வருஷத்துக்குப் பத்தாயிரம் அமெரிக்க டாலர் செலவுன்னா, 25,000 ரிங்கிட்டா இருந்தது 48,000 ஆயிடும். பிள்ளை பாதிப் படிப்புல வெளிநாட்டுல நிக்கிற வீடுகளை யோசிச்சுப் பாருங்க.

அந்த நேரத்துல, 1998ல, மோனாஷ் பல்கலைக்கழகம் மலேசியாவுல கிளை திறந்தது. அந்த நாட்டுல முதல் வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகம் அதுதான். கைவிட்ட ஈயச் சுரங்க நிலத்துல நகரம் கட்டின சன்வே குழுமம்தான் உள்ளூர்ப் பங்காளி. அடுத்து 1999ல சரவாக்கோட மிரியில கர்ட்டின், 2000ல கோலாலம்பூர்ல நாட்டிங்ஹாம். நாட்டிங்ஹாம் 2005ல செமினிக்குக் குடிபோச்சு. இங்கிலாந்துல இருக்கிற மணிக்கூண்டுக் கட்டடத்தோட அச்சையே அங்க எழுப்பி வச்சிருக்காங்க. மூணு கிளையும் இன்னைக்கும் ஓடிக்கிட்டிருக்கு.

ஏன் நின்னுச்சு? பெரிய பேருக்காக மட்டும் இல்லை. அந்தப் படிப்பு தேவைப்பட்ட குடும்பங்கள் முன்னாடியே வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. உள்ளூர்ச் சட்டம் அதை ஒரு பல்கலைக்கழகமா ஏத்துக்கிச்சு. நிலமும் பணமும் போட உள்ளூர்ல ஆள் இருந்தது. இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சா என்ன ஆகும்னு பார்க்க ஜப்பானுக்கும் சிங்கப்பூருக்கும் போகணும்.

ரயில் சலுகை கிடைக்காத மாணவர்கள்

1980கள்ல ஜப்பான்கிட்ட அமெரிக்காவுக்கு வர்த்தகப் பற்றாக்குறை. ஜப்பான்லயோ பணம் கொழிச்ச காலம். இளசுகள் எல்லாம் டோக்கியோவுக்கு ஓடிப்போன சின்ன ஊர்கள், "எங்க ஊர்ல ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் வந்தா பிள்ளைங்க தங்குவாங்க"ன்னு நம்பிச்சு. அந்தக் காலத்துல முப்பதுக்கும் மேல அமெரிக்கக் கிளைகள் முளைச்சது.

பெரும்பாலானது நிலைக்கலை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 1990ல கோரியாமாவுல திறந்து 1994லயே மூடியாச்சு. அகிதாவுல மினசோட்டா மாநிலப் பல்கலைக்கழகக் கிளை 1990லேர்ந்து 2003 வரைக்கும் இழுத்துப் பிடிச்சது. அந்த வளாகத்துல 2004ல அகிதா சர்வதேசப் பல்கலைக்கழகம்னு ஜப்பான்காரங்களே ஒண்ணு தொடங்கிட்டாங்க.

பொருளாதாரம் சரிஞ்சது ஒரு காரணம். பாடத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆங்கிலம் கத்துக்கவே மாசக்கணக்குல ஆனது இன்னொண்ணு. ஆனா மாணவனைத் தினமும் குத்தினது வேற. ஜப்பான் கல்வி அமைச்சு இந்தக் கிளைகளைப் பல்கலைக்கழகமாவே ஏத்துக்கலை. அங்கே முடிச்சவனுக்கு ஜப்பானிய மேல்படிப்புல சேர வழி சிக்கல். மத்த கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற ரயில் கட்டணச் சலுகைகூட இவனுக்குக் கிடையாது. டோக்கியோவுல 1982லேர்ந்து இருக்கிற டெம்பிள் பல்கலைக்கழகக் கிளைக்கே 2005லதான் அமைச்சோட அங்கீகாரம் வந்தது. அங்கீகாரம்னா சுவர்ல மாட்டுற காகிதம்னு நினைக்கிறோம். அது ரயில் டிக்கெட் வரைக்கும் வரும்.

148 பேர்

சிங்கப்பூர் கதைதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. அங்கே அங்கீகாரப் பிரச்சினை இல்லை. 2004ல சிங்கப்பூர் பொருளாதார வளர்ச்சிக் கழகமே கூப்பிட்டு, சிட்னியோட நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைக் கிளை திறக்கச் சொல்லுது. கடனும் மானியமும் அரசே தருது. சாங்கியில பெரிய வளாகம், 2020க்குள்ள 15,000 மாணவர்கள்னு திட்டம்.

2007 மார்ச்ல வகுப்பு ஆரம்பம். முதல் தொகுதியில முந்நூறு பேர் எதிர்பார்த்தாங்க. வந்தது 148 பேர். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களைவிடப் பல மடங்கு கட்டணம். சிங்கப்பூர்ப் பையனுக்கு இடம் கிடைச்சா உள்ளூர்ல படிப்பான், கிடைக்கலைன்னா சிட்னிக்கே போவான். நடுவுல இதுக்கு எதுக்கு வரணும்? மே 23ஆம் தேதி மூடப்போறதா அறிவிச்சாங்க. ஜூன் கடைசியோட கதவைச் சாத்தியாச்சு. ஒரே ஒரு செமஸ்டர்!

பல்கலைக்கழகத்துப் பக்கம் இருந்து பார்த்தா அது சரியான கணக்கா இருக்கலாம். நஷ்டம் பெருகிறதுக்குள்ள நிறுத்துறது நல்ல நிர்வாகம்தானேன்னு சொல்லலாம். ஆனா அந்த 148 பேரும் மத்த இடங்களை வேண்டாம்னு சொல்லிட்டு வந்தவங்க. சிட்னியில இடம் தர்றோம்னாங்க. சிட்னிக்குப் போறதுன்னா வீட்டுச் செலவு, விசா, ஊர் எல்லாமே வேற. வீட்டுப் பக்கத்துலயே படிக்கலாம்னு விண்ணப்பிச்சவனுக்கு "வா, நாடு மாறு"ன்னு சொன்னா அவன் விண்ணப்பிச்சது இது இல்லையே.

வளைகுடாவுலயும் இதே மாதிரி நடந்தது. ராஸ் அல் கைமாவுல இருந்த ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகக் கிளையை, உள்ளூர்ல பணம் போட்டவங்க கையைச் சுருக்கினதும் 2009ல மூடினாங்க. மூடுறப்ப ஒரு பட்டதாரியைக்கூட அது வெளியே அனுப்பியிருக்கலை.

மூடுறதுலயும் ரகம் இருக்கு

சரி, மூடாத கிளையாப் பார்த்துச் சேர்ந்துடலாமா? முடியாது. எது மூடும்னு யாருக்கும் தெரியாது. கோரியாமாவுல மூடின அதே டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2003ல கத்தார்ல கிளை திறந்தது. செலவெல்லாம் கத்தார் அறக்கட்டளையோடது, பணத்துக்குக் குறையே இல்லை. அப்படியும் 2024 பிப்ரவரியில டெக்சாஸ்ல இருக்கிற நிர்வாகக் குழு ஓட்டுப் போட்டு, கிளையை 2028க்குள்ள முடிச்சுக்கிறதுன்னு தீர்மானிச்சிடுச்சு. மத்திய கிழக்கு நிலவரம் சரியில்லை, நம்ம வேலை டெக்சாஸ்லன்னு காரணம் சொன்னாங்க. ஆக, கிளை இருக்கிற ஊர் மட்டும் இல்லை, தாய்ப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊரோட அரசியலும் நம்ம படிப்புல கை வைக்கும்.

ஆனா தேதிகளைக் கவனிங்க. 2024ல அறிவிச்சு 2028 வரைக்கும் நாலு வருஷம். உள்ளே இருக்கிறவன் முடிச்சுட்டுப் போக நேரம் இருக்கு. சிங்கப்பூர்லயே யேல்-என்யுஎஸ் கல்லூரியை மூடுறதா 2021 ஆகஸ்ட்ல சொன்னப்ப, அந்த வருஷம் சேர்ந்தவங்கதான் கடைசித் தொகுதின்னு அறிவிச்சு, அவங்க 2025ல பட்டம் வாங்குற வரைக்கும் நடத்தினாங்க. நியூ சவுத் வேல்ஸ் கிளை கொடுத்த அவகாசம் அஞ்சு வாரம். ரெண்டும் மூடல்தான், ஆனா மாணவனுக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. யேல்-என்யுஎஸ்ல பேர்ல யேல் இருந்தாலும் பட்டம் கொடுத்தது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்தான். பட்டச் சான்றிதழ்ல யார் பேர் வரும்ங்கறது வாசல்ல இருக்கிற போர்டை வச்சுத் தெரியாது, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

அதனால நாம கேக்க வேண்டியது இதுதான். படிக்கப்போற நாட்டுல இதைப் பல்கலைக்கழகமா ஏத்துக்கிட்டிருக்காங்களா? அந்தப் பட்டம் நம்ம ஊர்ல வேலைக்கும் மேல்படிப்புக்கும் செல்லுமா? பணம் யாரோடது, மாணவர் கட்டணமா, அரசு மானியமா, தனியார் கூட்டாளியா? முதல் தொகுதி பட்டம் வாங்கி வெளியே வந்தாச்சா? முக்கியமா, நாளைக்கே மூடினா உள்ளே இருக்கிறவங்களை அதே ஊர்லயே முடிக்க விடுவாங்களா, அதை எழுத்துல தருவாங்களா? கடைசிக் கேள்வியை மட்டும் யாரும் கேக்கறதில்லை. கல்யாணப் பேச்சுல விவாகரத்தைப் பத்திக் கேக்கிற மாதிரி கூச்சமா இருக்கும். கேட்டுடுங்க.

இது இனிமே வெளிநாடு போறவங்க கவலை மட்டும் இல்லை. 2023ல நம்ம சென்னை ஐஐடியே தான்சானியாவோட சான்சிபார்ல கிளை திறந்திருக்கு. இந்தியாவுக்கு வெளியே முதல் ஐஐடி வளாகம் அது. ஆப்பிரிக்கப் பிள்ளைங்க நம்மகிட்ட இந்தக் கேள்விகளைக் கேக்கிற இடத்துக்கு நாம வந்தாச்சு. 2024லேர்ந்து குஜராத் கிஃப்ட் சிட்டியில டீக்கின், உல்லன்காங், 2025லேர்ந்து குருகிராம்ல சவுத்தாம்ப்டன்னு உள்ளேயும் வர ஆரம்பிச்சாச்சு. இங்கெல்லாம் இப்ப விண்ணப்பிக்கிறவங்க முதல் சில தொகுதிகள். 148 பேர் நின்ன அதே இடம். பயமுறுத்த இதைச் சொல்லலை. 1998ல மோனாஷ்ல சேர்ந்தவங்களும் முதல் தொகுதிதான், அவங்க படிப்பு வீணாப் போகலை.

மலேசியா, சிங்கப்பூர் நண்பர்கள்ல யாராவது இந்த வளாகங்கள்ல படிச்சிருந்தா, அந்தக் காலத்து ட்வின்னிங் கதைகளையும் சேர்த்து எழுதுங்க. எனக்குத் தெரிஞ்சது வெளியே இருந்து படிச்சது. வகுப்புக்குள்ள இருந்தவங்க சொன்னா அது வேற மாதிரி இருக்கும்.