மூலம் சரி, உரை பிழை: கிரெக் வில்லியம்ஸும் நடுக்கள ஆட்டக்காரரை அளக்கும் முறையும்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் கிரெக் வில்லியம்ஸின் கதை அனைவரும் அறிந்ததே. 1980களின் தொடக்கத்தில் பெண்டிகோவிலிருந்து வந்தவரை, ஓட்டத்தில் வேகம் போதாது என்று கார்ல்டன் அணி திருப்பி அனுப்பியது. 1984இல் ஜீலாங்குக்கு ஆடத் தொடங்கினார். 1986இல் சிட்னிக்கு மாறிய ஆண்டே, நடுவர்களின் வாக்குகளால் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படும் பிரவுன்லோ பதக்கத்தை ராபர்ட் டிபியர்டொமெனிகோவுடன் பகிர்ந்துகொண்டார். 1992இல் அதே கார்ல்டன் அவரை அழைத்துக்கொண்டது. 1994இல் 30 வாக்குகளுடன் இரண்டாவது பிரவுன்லோ. 1995 இறுதியாட்டத்தில் ஐந்து கோல்களும், அவ்வாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கமும்.

இதிலிருந்து வழக்கமாக எடுக்கப்படும் முடிவு, கார்ல்டனின் தேர்வாளர்கள் கண்ணிருந்தும் காணாதவர்கள் என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வில்லியம்ஸ் மெதுவானவர்தான், கடைசிவரை அப்படித்தான் இருந்தார். ‘டீசல்’ என்ற பட்டப்பெயர் எப்படி வந்திருந்தாலும் பொருத்தமாகவே ஒட்டிக்கொண்டது. தேர்வாளர்கள் மூலத்தைப் பிழையறப் படித்தார்கள், சறுக்கியது உரையில். அவர்களைச் சாடுவோரும் அதே உரையைத்தான் வைத்திருக்கிறார்கள். வேகமின்மை ஒரு குறை, அதைக் கைத்திறனால் அவர் ஈடுகட்டினார் என்று இவர்கள் சொல்லும்போது, வேகத்தை முதல் அளவுகோலாக வைத்த பழைய பார்வை அப்படியே நிற்கிறது. ஈடுகட்ட அங்கே குறை இருந்ததா என்பதே என் கேள்வி.

பழைய பார்வைக்குக் காரணம் இருந்தது. நடுக்களம் என்று இன்று சொல்வது அன்று தனித்தனி வேலைகளாகப் பிரிந்திருந்தது: உயரே எழும் பந்தைத் தட்டிவிட ரக்மேன், கீழே பொறுக்கி ஓட ரோவர், இரண்டுக்கும் இடையில் ரக்-ரோவர், மைய வரிசையில் சென்டர்மேன். மெல்பர்ன் அணியில் பயிற்சியாளர் நார்ம் ஸ்மித்தின் கீழ் ரான் பராசி ஆடிய ஆட்டத்தோடு ரக்-ரோவர் என்ற பெயர் நிலைத்தது. ரோவரும் சென்டர்மேனும் பந்தை எடுத்துக்கொண்டு வெட்டவெளியில் ஓட வேண்டியவர்கள். அந்தக் கட்டங்களில் வைத்துப் பார்த்தால் வில்லியம்ஸ் தேறமாட்டார். தேர்வாளர்கள் இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனால் திருப்பி அனுப்பியதற்கு இதைவிடப் பொருந்தும் காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கட்டங்களை விதி ஏற்கனவே கலைத்துவிட்டிருந்தது. 1973இல் நடுத்திடலில் வைர வடிவக் கோடு போடப்பட்டது. 1975இல் அது சதுரமானது. நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பியபோது உள்ளே அணிக்கு நால்வர் மட்டுமே நிற்கலாம் என்றானது. நெரிசலைக் குறைக்க வந்த இவ்விதி, எட்டுப் பேருக்கிடையே பந்து விழும் ஒரு சிறு முற்றத்தை உண்டாக்கியது. அந்த முற்றத்தில் பந்து எங்கே விழும் என்று முன்னறிபவனே முதலில் சேர்கிறான், அவன் கால்கள் எவ்வளவு மெதுவாக இருந்தாலும். பந்தை எறிவது 1859இன் பத்து விதிகளிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஒரு கையில் பந்தை ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பும் ஹேண்ட்பால்தான் நெரிசலிலிருந்து வெளியேறும் வழி. 1970 இறுதியாட்டத்தில் 44 புள்ளி பின்தங்கிய கார்ல்டனுக்கு, அப்போது அதன் பயிற்சியாளராக இருந்த பராசி ஹேண்ட்பால் ஆடும்படி இடைவேளையில் இட்ட கட்டளையிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது மரபு. அதற்கு முன்பே ஹேண்ட்பாலுக்குப் பெயர்பெற்ற ரக்மேன் ‘பாலி’ ஃபார்மரை அறிந்தவர் அதை ஏற்கமாட்டார். வில்லியம்ஸ் ஹேண்ட்பாலை இரு கையாலும் செய்தார்.

இங்கே ஒரு பாடபேதத்தில் சற்று நிற்க வேண்டும். 1993இல் மெல்பர்னுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், புள்ளிவிவரத் தாளின்படி வில்லியம்ஸ் பந்தை 44 முறை கையாண்டார். அதே ஆட்டத்தின் நடுவர் வாக்குச்சீட்டில் அவருக்கு ஒரு வாக்கும் இல்லை. அவ்வாண்டு பதக்கம் 18 வாக்குகளுடன் கேவின் வங்கனீனுக்குப் போனது, வில்லியம்ஸுக்கு 17. நடுவர்களின் பகை என்றே பலரும் சொல்கிறார்கள். அவர் வாய்த்துடுக்கு மிக்கவர். 1997இல் நடுவரைத் தள்ளி ஒன்பது ஆட்டத் தடையும் பெற்றார். ஆனால் 1994இல் 30 வாக்குகள் அளித்ததும் அதே நடுவர் குழாம்தான். பகை ஓராண்டில் ஆவியாகிவிடுமா? நெரிசலுக்குள் குனிந்து குத்திவிடப்பட்ட பந்து கண்ணில் தங்காது, அதைப் பெற்றுப் பாய்ந்தவனே தங்குவான் என்று கொள்வது எனக்கு எளிதாகப் படுகிறது. ஒற்றைச் சீட்டைக் கொண்டு இதை நிறுவ முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவரது உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருந்தது: பந்து எதிரணி கைக்குப் போனபின். திரும்பி ஓடும் எதிராளியைத் துரத்திப் பிடிக்க அவரால் ஆகாது; அந்தச் சுமையை அணியினர்தான் சுமந்தார்கள். பந்தோடு சேர்ந்து மொத்தக் கூட்டமும் திடலின் இரு முனைக்கும் ஓடும் பிற்கால ஆட்டத்தில் இச்சுமை கூடியிருக்கும்.

லீகின் நூறாண்டுகளின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்து 1996இல் வெளியான நூற்றாண்டு அணிப் பட்டியலில் மையத்தில் இயன் ஸ்டூவர்ட். ஃபார்மர், பராசி, பாப் ஸ்கில்டன் மூவரும் ரக் வரிசையில். வில்லியம்ஸ் மாற்று ஆட்டக்காரர் வரிசையில். பழைய கட்டங்கள் எதிலும் அவர் அடங்கவில்லை என்பதன் சான்றாக இதை வாசிக்க ஆசைதான். ஆனால் அதே வரிசையில் ஜாக் டயரும் கேரி ஆப்லெட்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடமில்லாமல் போகவில்லை, இடத்துக்குப் போட்டி இருந்தது. ஆக, பட்டியல் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறது: ரக்-ரோவர், ரோவர், சென்டர்மேன் மூவரும் ஒரே ஆளாகிவிட்ட பின்பும் 1996இல் தாள் பழைய பெயர்களிலேயே எழுதப்பட்டது. அவர்கள் ஒன்றானது 1975க்குப் பின் எந்த ஆண்டில் என்று என்னால் குறிக்க இயலவில்லை.