திறப்பு யார் கையில்?

உடற்பயிற்சிக் கூடங்களிலே பலரும் மாறிமாறிப் பயன்படுத்தும் லொக்கர்களுக்கு இன்று புதுவகைப் பூட்டுக்கள் வந்துள்ளன. அவற்றுக்குத் திறப்பு இல்லை. திறப்பு நுழையும் துவாரமும் இல்லை. கைத்தொலைபேசியே திறப்பு. இப் புதுமையைக் கண்டு வியப்போர் உளர், வெறுப்போரும் உளர். நாம் முதலில் வரலாற்றை வினவுவோம். பலர் நடுவே ஆடை களைந்து வைத்தவனின் உடைமையை இதுகாறும் காத்து வந்தது எது? அக் காவலின் விலையைச் செலுத்தியவர் யார்?

உடற்பயிற்சிக் கூடத்தைப் பெரும் பொது நிலையமாக வளர்த்தவர் கிரேக்கர். லைக்கேயம், அக்கடமி போன்ற ஏதென்ஸ் நகரக் கூடங்களில் ஒரு மேலாடையையோ எண்ணெய்க் குப்பியையோ திருடியவனுக்கும் சோலனின் சட்டம் மரண தண்டனை விதித்தது என்று கி. மு. 4ஆம் நூற்றாண்டின் பேச்சாளர் டெமொஸ்தனிஸ் கூறுகிறார். பூட்டின் வேலையைக் கொலைத் தண்டனை செய்தது. அச் சோலனின் பெயரால் வழங்கிய மற்றொரு சட்டமோ, அடிமைகள் அங்கு பயிற்சி செய்வதையே தடுத்தது.

உரோமர் காலத்திலே பொதுக் குளிப்பிடங்கள் பெருகின. ஆடை களையும் அறையில் சுவர் மாடங்களே இருந்தன. கதவும் இல்லை, பூட்டும் இல்லை. செல்வர் தம் அடிமையைக் காவல் நிறுத்தினர். ஏனையோர் கூலிக்குக் காவலரை அமர்த்தினர். அதற்கும் வழியற்றோர் தெய்வத்திடம் முறையிட்டனர். இங்கிலாந்தின் பாத் நகர நீரூற்றிலிருந்து ஏறக்குறைய 130 சாபத் தகடுகள் எடுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை களவு பற்றியவை; மேலாடையையும் குளியல் உடையையும் பறிகொடுத்தோரின் புலம்பல்கள் அவை. திருடியவன் அடிமையாயினும் சரி, சுதந்திரனாயினும் சரி, அவனைத் தண்டிக்குமாறு அவை தெய்வத்தை வேண்டுகின்றன. கண்விழித்துக் காத்த அடிமையே முதலிற் சந்தேகிக்கப்படுபவனாகவும் இருந்தான் என்று நாம் ஊகிப்பது தவறாகாது.

இயந்திர யுகம் பூட்டையும் மாற்றியது. 1784இல் யோசேப் பிராமா என்பவர் புதிய பூட்டொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதனைத் திறப்பின்றித் திறப்போர்க்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்புடன் இலண்டன் கடையொன்றின் சாளரத்தில் அப் பூட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வீற்றிருந்தது. 1851இல் அமெரிக்கரான அல்பிரட் ஹொப்ஸ் 16 நாட்களிற் பரந்த 51 மணி நேர முயற்சியால் அதைத் திறந்தபோது இங்கிலாந்தே திகைத்தது. ஆயினும், அத்துணை நுட்பமான பூட்டுக்களை ஆக்குதற்கு வேண்டிய இயந்திரங்களை உருவாக்கிய ஹென்றி மோட்ஸ்லியை எத்தனை பேர் அறிவர்? பதினெட்டு வயதில் பிராமாவின் பட்டறையிற் சேர்ந்த அவர், பின்னர் அங்கே மேற்பார்வையாளராக உயர்ந்தும், வாரம் 30 சிலிங்கே ஊதியமாகப் பெற்றார். கூடுதலாகக் கேட்டார், மறுக்கப்பட்டது. 1797இல் வெளியேறினார். பூட்டு முதலாளியின் பெயரால் நிலைத்தது.

பூட்டுத் தொழிலின் தலைநகராய் விளங்கிய வில்லன்ஹோலின் கதை இதனினும் கொடியது. அங்கே குழந்தைப் பருவத்திலேயே பட்டறைக்கு விற்கப்பட்டவர்போல் வந்தோர், நாள் முழுதும் குனிந்து அரம் பிடித்து அராவினர். கூன் விழுந்த முதுகுகள் மலிந்தமையால் அவ்வூருக்கே 'கூனூர்' எனும் பொருள்படும் பட்டப்பெயர் வழங்கிற்று. 1840களின் அரசாங்க விசாரணை அறிக்கை இக் கொடுமையைப் பதிந்தது. 1845இல் ஏங்கல்ஸ் தமது நூலில் அதை உலகறியச் செய்தார். செல்வரின் பேழைகளைக் காத்த பூட்டு, தொழிலாளியின் முள்ளந்தண்டை வளைத்தே செய்யப்பட்டது.

உழைப்பாளிக்கு என்று ஒரு லொக்கர் கிடைத்தது எப்போது? சுரங்கத் தொழிலாளரின் போராட்டமே இதற்கு விடை தரும். ஜேர்மனியின் றூர்ப் பிரதேசத்தில் அவர்கள் தம் ஆடைகளைச் சங்கிலியிற் கோத்துக் கூரைவரை உயர்த்தி, சங்கிலியின் அடி நுனியைப் பூட்டி வைத்தனர். பிரித்தானியாவிலோ மிகப் பலர் கரி படிந்த மேனியுடனேயே வீடு திரும்பினர். நீர் சுமந்து கொதிக்கவைத்து வார்க்கும் சுமை பெண்கள் தலையில் விழுந்தது. 1919இல் வேல்ஸ் நாட்டின் எலிசபெத் அன்ட்றூஸ் அரசாங்க ஆணைக்குழு முன் தோன்றி, சுரங்க வாயிலில் குளிப்பறை வேண்டும் எனச் சாட்சியமளித்தார். 1926இன் சட்டம், நிலவுடைமையாளர் பெற்ற நிலக்கரி உரிமைப் பணத்தில் பவுணுக்கு ஒரு சிலிங் அறவிட்டுக் குளிப்பறைகள் அமைக்க வழிசெய்தது. கரி படிந்த உடைக்கு ஒன்று, சுத்த உடைக்கு ஒன்று என ஆளுக்கு இரு லொக்கர்கள். ஈர உடையை உலர்த்த வெப்பக் காற்று. அந்த இரும்புப் பெட்டியின் பின்னால் மனிதனாக வீடு திரும்பும் உரிமை இருந்தது.

இப்போது கைத்தொலைபேசிப் பூட்டுக்கு வருவோம். தொலைபேசி புளூடூத் அலைவழி ஒரு மறைகுறியை அனுப்ப, மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் தாழை நீக்குகிறது. அம் மறைகுறியை வழங்குவதும் இரத்துச் செய்வதும் பெரும்பாலும் தொலைவிலுள்ள கம்பனிக் கணினியே. இதிலே நன்மைகள் உள. திறப்பு தொலையும் கவலை இல்லை; ஒரே பெட்டி ஒரு நாளிற் பலருக்கு உதவும். எனினும், இரும்புத் திறப்பு யார், எப்போது திறந்தார் என்று எழுதி வைப்பதில்லை. இது எழுதி வைக்கக் கூடியது. 

இதன் பலவீனங்களும் வெளிப்பட்டுவிட்டன. 2017இல் லொக்ஸ்டேற் எனும் அமெரிக்கக் கம்பனி தொலைவிலிருந்து தவறான மென்பொருளை அனுப்ப, ஏறத்தாழ 500 வாடிக்கையாளரின் கதவுப் பூட்டுக்கள் ஒருங்கே செயலிழந்தன. 2018இல், டாப்லொக் எனும் கைப்பூட்டு தானே அலைவழி பரப்பும் முகவரியிலிருந்து அதன் மறைகுறியைக் கணித்து, இரு வினாடிக்குள் திறக்கலாம் என ஆய்வாளர் காட்டினர். ஹொப்ஸுக்கு 51 மணி நேரம் தேவைப்பட்டது என்பதை இங்கே நினைவு கூர்க.

ஆனால் நியூயோர்க் நகரக் குடியிருப்பாளர் சிலரின் வழக்கே நமக்கு முதன்மையான பாடம். கட்டட உரிமையாளர் வாயிலுக்குத் தொலைபேசிப் பூட்டைப் பொருத்தினார். அத்தகைய தொலைபேசியைக் கையாளாத, தொண்ணூறு வயது கடந்த முதியவர் ஒருவரும் அங்கு வாழ்ந்தார். குடியிருப்பாளர் நீதிமன்றம் சென்றனர். 2019இல் இணக்கம் ஏற்பட்டது. கையிற் பிடிக்கும் திறப்பு அவர்களுக்குக் கிடைத்தது. 2021இல் அந் நகரம் இயற்றிய சட்டம், இத்தகைய பூட்டுக்கள் திரட்டும் வருகைப் பதிவுகளை 90 நாட்களுக்குள் அழிக்கவேண்டும் என விதித்தது.

வரலாறு உணர்த்தும் உண்மை தெளிவானது. அடிமையின் விழி, தொழிலாளியின் வளைந்த முதுகு, பயன்படுத்துவோனின் நடமாட்டக் குறிப்பு எனக் காவலின் விலை ஒவ்வொரு யுகத்திலும் உருமாறி வந்திருக்கின்றது. புதுப் பூட்டை உடைத்தெறிய வேண்டும் என்பது நம் வாதமன்று. தொலைபேசி இல்லாதவனுக்கும் ஒரு திறப்பு இருக்கட்டும். பதிவேட்டின்மீது பயன்படுத்துவோருக்கு உரிமை இருக்கட்டும். சுரங்கத் தொழிலாளர்க்கு இரண்டு லொக்கர்களையும் நியூயோர்க் முதியவருக்கு ஒரு திறப்பையும் எந்தக் கண்டுபிடிப்பாளனும் பரிசளிக்கவில்லை. கூடி நின்று கேட்டவர்களே அவற்றைப் பெற்றனர்.