கொழுந்தும் வெற்றிலையும்

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் இரண்டு இலைகள் ஒரே உடம்பைத் தாங்கி வந்திருக்கின்றன. இவற்றில் மூத்தது வெற்றிலை. 1869இல் மடுல்சீமையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்திய பின்னரே தேயிலை இந்த மலைகளை நிறைத்தது. கோப்பிக் காலத்தில் வந்த தொழிலாளர்களின் மடியிலேயே வெற்றிலை வந்துவிட்டது.

இரண்டையும் நாம் போதை என்பதில்லை. ஆனால் இரண்டுமே மூளையைத் தொடுபவை. தேயிலையின் காஃபீன் அயர்வை உணரவிடாமல் தடுக்கிறது. வெற்றிலைக்குள் மடித்த பாக்கின் அரிக்கோலின் நரம்பைத் தூண்டி உடம்பில் சூடு பரப்புகிறது. முன்னதை இறக்க வெந்நீர் வேண்டும், பின்னதற்குச் சுண்ணாம்பு.

வியப்பு இவற்றின் பயன்பாட்டில்தான். பனிக் காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தேத்தண்ணி. கொழுந்து பறிக்கும் நெரையில் நிற்கையில் பசி கிள்ளினால் வெற்றிலை வைத்த மடி முடிச்சு அவிழும். வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி, கலியாணத்துக்கு அழைக்க வெற்றிலை. உழைப்பிலும் உறவிலும் ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பியிருக்கிறது.

மதிப்பில் மட்டும் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. உணவு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலை பாக்குக் கொடுத்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. தேயிலைக்கோ அந்த மங்கலம் வாய்க்கவில்லை. காந்தி தம் ஆரோக்கிய நூலில் மதுவைப் பற்றிப் பேசுமுன் தேயிலையைக் கண்டித்தார். இன்று ஆடிக் கச்சானில் மணமேறும் ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெருமை பெறுகிறது. பாக்கையோ, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட தொகுதி வகைப்படுத்தியது.

அந்த வகைப்படுத்தலின் பொருளைப் பல் வைத்தியரின் அறையில் காணலாம். வாயை அகலத் திறக்கச் சொல்லி மூன்று விரல்களை நிமிர்த்தி நுழைத்துப் பார்ப்பார்கள். பாக்கினால் கன்னத்தின் உட்சவ்வு நார்கட்டி இறுகியவருக்கு இரண்டு விரலே சிரமம், காரம் பட்டால் எரிச்சல். இலங்கை ஆண்களின் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பதும் வாய்ப்புற்றே.

ஆகவே பாக்கை விடச் சொல்வது சரி. ஆனால் அது ஈடுசெய்த பசியையும் குளிரையும் விட்டுவிட்டுப் பழக்கத்தை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. தேத்தண்ணியும் அதே பசியைத்தான் தள்ளிப்போடுகிறது. நெரையில் நிற்பவளுக்குப் பத்து மணிக்கு வயிறார ஏதாவது கிடைத்தால், மடி முடிச்சில் கை போவது குறையும்.