கோணேசர் கடலின் விருந்தாளிகள்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமை பேசப் புகுவோர் போத்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கொடிகளை எண்ணி முடித்துவிடுவர். கொடியில்லாமல் வந்துபோகும் விருந்தாளிகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சொல்வது திமிங்கிலங்களை, நேயர்களே.

துறைமுக வாசலருகே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு 3000 மீற்றருக்கும் அப்பால் இறங்குகின்றது. ஆழம் கரைக்கு இத்தனை அருகே வருவதால் ஆழ்கடல் உயிர்களும் உடன் வருகின்றன. இராவணன் வெட்டருகே கோணேசரைத் தொழுதுவிட்டுக் கிழக்கே பார்த்தால், சில நாட்களில் நீர்த்தாரை எழுவதைக் காணலாம். 1979 இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக்கியது. 1982 முதல் 1984 வரை ‘ரியூலிப்’ என்னும் சிறு பாய்க்கப்பலில் ஹால் வைற்ஹெட் குழுவினர் வந்து, எண்ணெய்த் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். கொன்று அளக்காமல், உயிரோடிருக்கையில் அறிய முயன்ற ஆரம்ப ஆய்வுகளில் அதுவும் ஒன்று. பின்பு போர் கடலையும் மூடிற்று.

புறாமலையின் கதை வேறு. ஆங்கிலேயக் கடற்படை அத்தீவைச் சுட்டுப் பழகும் இலக்காக்கியது. 1963 இல் அது சரணாலயமாயிற்று. 2003 இல் தேசியப் பூங்கா. 1998 இல் கடல் சூடேறி இலங்கையின் பல முருகைப் பார்கள் வெளிறி மடிந்தபோது இக்கரை பெரிதும் தப்பியது. பீரங்கிக்கும் வெப்பத்துக்கும் தப்பியது, 2009 இன் பின் வந்த கால்களுக்குத் தப்பவில்லை. நீந்தக் களைத்தவர்கள் முருகையின் மேலேயே ஏறி நிற்கின்றனர். ‘முருகைக்கல்’ என்று பெயரிட்ட நம் மொழிக்கும் இதில் பங்குண்டோ என்று தமிழாசிரியனாகிய நான் ஐயுறுவதுண்டு. அது கல்லன்று, உயிர்களின் குடியிருப்பு.

இப்போது உல்லாசப் பயணக் கப்பல்களும் நம் துறையை நாடுகின்றன. வள்ளக்காரரின் மகிழ்ச்சியை நான் குறைகூறேன். என்னிடம் படித்த இருவர் அத்தொழிலிலேயே சீவிக்கின்றனர். ஆயினும் துருவக் கடலைப் பாருங்கள். 2007 இல் ‘எக்ஸ்புளோரர்’ என்ற கப்பல் 154 பேருடன் அந்தாட்டிக் கடலில் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. ஆட்கள் அனைவரும் தப்பினர். எண்ணெய் கடலில் தங்கிற்று. 2011 இல்தான் அங்கே கனவெண்ணெயைத் தடைசெய்தார்கள். 2016 இல் ‘கிறிஸ்டல் செரனிற்றி’, பனி உருகித் திறந்த வடமேற்குப் பாதையால் ஏறத்தாழ ஆயிரம் பயணிகளை ஏற்றிச் சென்றது. உருகுவதைக் காணப் புகை கக்கிக்கொண்டு போவது என்ன விந்தை!

நம் தென்கரையில் தேவேந்திரமுனைக் கப்பற்பாதையில் நீலத் திமிங்கிலங்கள் மோதுண்டு இறக்கின்றன. 2022 இல் எம்.எஸ்.சி. கம்பனி தன் கப்பல்களைத் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. மனமிருந்தால் பாதையை மாற்றலாம். திமிங்கிலத்தை எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பது என்பதற்கும் 2012 முதல் விதிகள் உண்டு. ஒரு திமிங்கிலத்தைப் பத்து வள்ளங்கள் சூழும்போது, அந்தத் தூரத்தை அங்கே அளப்பவர் யார்?