ஒரே திண்ணை, நான்கு வகுப்பு

ஒரே வயதினராகிய பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுடைய பக்குவம் ஒன்றாயிராது என்பதையும், ஆகவே எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கு ஒரு விதமாகவும் கதை படிக்கத் தெரிந்தவனுக்கு வேறு விதமாகவும் பாடத்தை வகுத்தல் வேண்டும் என்பதையும், இக்காலத்து ஆசிரியப் பயிற்சி நூல்கள் மேல்நாட்டார் புதிதாகக் கண்ட தத்துவங்கள் போல எடுத்துரைத்து வருகின்றன. நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பவருக்கு இந்தத் தத்துவம் புதிதாகத் தோன்றாது. அது இங்கிருந்து கப்பலேறி வெளிதேசம் போய், உருமாறி, வெகுகாலத்துக்குப் பிறகு நம்மிடமே திரும்பி வந்ததன் வரலாறு என் மனத்தை நெடுநாளாகக் கவர்ந்து வந்திருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் உபாத்தியாயர் ஒருவரே. பிள்ளைகள் இருபது பேரோ முப்பது பேரோ இருப்பார்கள். விஜயதசமியன்று ஏட்டைத் தொட்ட ஐந்து வயதுப் பையன் தன் முன் பரப்பியிருக்கும் மணலில் விரலால் அகரத்தை எழுதி, வாய்விட்டுச் சொல்லி, அழித்து, மறுபடியும் எழுதிக்கொண்டிருப்பான்; அவனுக்கு ஒரு முழ தூரத்தில் இருப்பவன் பொன்னிலக்கத்தை உருப்போட்டுக்கொண்டிருப்பான்; அதற்கப்பால் ஒருவன் படியும் மரக்காலும் கலமுமாகிய நெல்லிலக்கத்தோடு மல்லுக்கட்டுவான்; எண்சுவடி முடித்தவன் குழிமாற்றுக்குப் போயிருப்பான்; இடது கையில் ஓலையும் வலது கையில் எழுத்தாணியுமாகத் தூணோரம் உட்கார்ந்திருக்கும் பெரிய பையன் சதகமோ நிகண்டோ எழுதிக்கொண்டிருப்பான். இத்தனை பாடமும் ஒரே வேளையில், ஒரே இரைச்சலில் நடக்கும். தெருவில் போகிறவர் காதுக்கு அது சந்தைக் கூச்சலாகவே பட்டிருக்கும். ஆனால் உபாத்தியாயர் காதுக்கோ எந்தக் குரல் எந்தச் சுவடியில் எந்த வாய்பாட்டில் தடுக்கிற்று என்பது தெளிவாகக் கேட்கும். நெல்லிலக்கம் மனத்தில் பதியாதவனுக்கு எண்சுவடி கொடுப்பதில்லை. பதிந்துவிட்டவனை வருஷம் முடியட்டும் என்று காக்கவைப்பதுமில்லை. தமக்குக் கைவேலை மிகும்போது, தேறிய பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக்கி, இளையவர்களுக்கு முறை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்துவிடுவார்.

இது வெறும் பழம்பெருமைப் பேச்சன்று. சர்க்கார் தஸ்தாவேஜிலேயே சாட்சி இருக்கிறது. சென்னை மாகாண கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் வருஷத்தில் ஜில்லாதோறும் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருப்பதாக அக்கணக்கு காட்டிற்று. பெரும்பாலான கலெக்டர்கள் எண்களை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க, பல்லாரி ஜில்லாக் கலெக்டர் காம்பெல் என்பவர் பள்ளிக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை 1823-இல் சிரத்தையோடு எழுதியனுப்பினார். பல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய சீமையானாலும், அவர் தீட்டிய சித்திரம் நம் திண்ணையிலிருந்து அதிகம் விலகியதன்று. விடியற்காலையில் முதலில் வரும் பையனுடைய உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம்; இரண்டாவதாக வந்தவன் கையில் புகழுமில்லை இகழுமில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழியம்; மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி; நான்காமவனுக்கு இரண்டு; அதற்குப் பின் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். எல்லாரும் கூடியபின் அவரவர் தேர்ச்சிக்குத் தக்கபடி பெரும்பாலும் நான்கு வகுப்புகளாகப் பிரித்து, கீழ் வகுப்புகளைச் சட்டாம்பிள்ளைகளும் மேல் வகுப்புகளை உபாத்தியாயரும் நடத்துவார்கள். ஒரு பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து அடுத்ததற்கு ஏறுவது அவனுடைய திறமையையும் முன்னேற்றத்தையும் பொறுத்தது என்று காம்பெல் தெளிவாகக் குறிக்கிறார். மூத்த மாணாக்கர் இளையவர்க்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

இங்கிலாந்து பின்பற்றிய கதை எழும்பூரில் தொடங்குகிறது. ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காகச் சென்னையில் ஏற்பட்ட அநாதைப் பள்ளிக்கு 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சம்பளம் வாங்காமல் மேற்பார்வையாளரானார். ஒருநாள் அவர் குதிரைமீது சென்றுகொண்டிருக்கையில், உள்ளூர்ப் பிள்ளைகள் தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதையே செய்யும்படி சொன்னபோது, அங்கிருந்த உதவியாசிரியர்கள் முடியாதென்று தட்டிக்கழித்தார்கள். பெல் மனம் தளரவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அரிச்சுவடி வகுப்புக்குத் தலைவனாக்கினார். பெரியவர்கள் கைவிட்ட காரியத்தை அந்தச் சிறுவன் முடித்துக் காட்டினான். பிறகு பள்ளி முழுவதும் அவ்வாறே மாறிற்று. பிள்ளைகள் தேர்ச்சிக்கேற்ப வகுப்பு வகுப்பாய் அமர்த்தப்பட்டார்கள். வகுப்புக்குள்ளும் வல்லவன் ஒருவன் பக்கத்தில் மெலிந்தவன் ஒருவன் இணைசேர்க்கப்பட்டான். முன்னேறியவன் உடனே மேலே போவான், பின்தங்கியவன் கீழே இறங்குவான். மணலெழுத்தைக் கண்ட இடத்தைப் பெல் மறைக்கவில்லையாயினும், பிள்ளையைக்கொண்டு பிள்ளைக்குக் கற்பிக்கும் உபாயத்தைத் தம்முடைய கண்டுபிடிப்பாகவே கருதினார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மணலைக் கண்ட கண் சட்டாம்பிள்ளையைக் காணாமற்போயிருக்கும் என்று நம்புவது எனக்குக் கடினமாயிருக்கிறது.

1797-இல் பெல் தம் சோதனையை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். மறுவருஷமே ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் லண்டன் பரோ சாலையில் ஒரு பள்ளி தொடங்கி, இதனோடொத்த முறையை நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பிரயோகித்தார். யார் முதல்வர் என்பதில் இருதரப்பாருக்கும் பெரிய சண்டை மூண்டது. அது நமக்கு அவசியமில்லை. ஆலைகள் பெருகிவந்த அத்தேசத்தில் ஏராளமான குழந்தைகளுக்கு மிகச் சொற்பச் செலவில் எழுத்தறிவு தருவதே பெரியவர்களின் கவலையாயிருந்தபடியால், மதராஸ் முறை என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாட்டில் அவர்கள் பெரிதும் மதித்தது அதன் சிக்கனத்தையே. முப்பது பிள்ளைகளில் ஒவ்வொருவனுடைய குரலையும் தனித்தனியே அறிந்த உபாத்தியாயர் இருந்த இடத்தில், ஐந்நூறு பிள்ளைகளை மணியடித்தும் கட்டளையிட்டும் நடத்தும் மேற்பார்வையாளர் வந்து நின்றார். முறையின் உடல் போயிற்று. உயிர் திண்ணையிலேயே தங்கிவிட்டது. சட்டாம்பிள்ளைகளே பாதி கற்றவர்கள் என்ற உண்மை வெளிப்பட்டபின், 1846 முதல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை அத்தேசத்தார் அமர்த்தலானார்கள்.

திண்ணையை நான் குற்றமற்றதென்று சொல்லவரவில்லை. பொருள் தெரியாமல் உருப்போடுவதே அங்கே படிப்பாயிருந்தது என்று காம்பெலே குறைப்பட்டிருக்கிறார். பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் குழந்தைகளை நடுங்கவைத்தன. தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணைமேல் ஏற இடமில்லை. பெண்பிள்ளைகளும் அபூர்வமாகவே வந்தார்கள். அவரவர் நிலையறிந்து கற்பித்த அதே உபாத்தியாயர் இத்தனை பேரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டது ஆறாத மனக்குறை.

பின்னர் சர்க்கார் பள்ளிகள் பரவின. 1862-இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட சட்டதிட்டத்தின்படி, பிள்ளைகளை ஆறு படிகளில் நிறுத்தி, இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சித்து, தேறியவர் தொகைக்குத் தக்க மானியம் கொடுப்பது வழக்கமாயிற்று. அந்த வழக்கம் சென்னை மாகாணத்துக் கிராமப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆசிரியர் கண் பிள்ளையின்மீது நில்லாமல் பரீட்சையின்மீது நின்றது. ஜூன் மாதம் எல்லாருக்கும் ஒரே பாடம், ஏப்ரல் மாதம் எல்லாருக்கும் ஒரே கேள்வி, தவறினவன் அதே பெஞ்சில் மறுபடியும் ஒரு வருஷம் என்னும் ஒழுங்கு நூறு வருஷத்துக்கு மேல் வேரூன்றிவிட்டது.

அந்த ஒழுங்கை அசைக்கும் முயற்சி மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி நிலையத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-ஐ ஒட்டி மாநிலம் முழுவதும் பரவிற்று. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணி, ஏணியின் படிதோறும் அட்டைகள், தான் நிற்கும் படியைப் பார்த்துத் தானே அட்டையை எடுத்துவந்து பாயில் உட்காரும் குழந்தை, அதன் கை எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிலும் கரும்பலகை! ஆசிரியரின் முழு உதவி வேண்டுவோருக்கு ஒரு குழு, சகமாணவர் உதவியோடு கற்போருக்கு வேறொரு குழு என்று அதில் வகுத்திருந்ததைப் படித்தபோது, பிரம்பைக் கீழே போட்டுவிட்ட சட்டாம்பிள்ளையை மீண்டும் கண்டதுபோல் எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. பெற்றோர் பலருக்கு அது பிடிக்கவில்லை. புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாத படிப்பு என்ன படிப்பென்று கேட்டார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு படியில் நிற்கையில் எல்லாரையும் கவனித்துக் குறிப்பெழுதுவது ஆசிரியர்களுக்கும் பெரும் பாரமாயிருந்தது. பாரம் உண்மையானதே, ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கும் பிள்ளைகளின் தொகையைக் குறைக்காமல் இம்முறையை நடத்தச் சொல்வது லங்காஸ்டர் செய்த பிழையை மறுபடியும் செய்வதாகும்.

பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்து திறந்தபின், 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. தமிழில் அரும்பாயிருக்கும் குழந்தை கணக்கில் மலராயிருக்கக்கூடும். ஆகையால் அந்தப் பெயர்கள் பாடத்துக்கு உரியனவேயன்றிக் குழந்தைக்கு உரியனவல்ல. நெல்லிலக்கம் பதிந்த அன்றே எண்சுவடிக்கு ஏற்றிவிடும் பழைய வழக்கப்படி, வருஷக் கடைசிவரை காத்திராமல், தேறிய குழந்தையைத் தேறிய வாரத்திலேயே அடுத்த குழுவுக்கு மாற்றும் அதிகாரமும் அதற்கான அவகாசமும் வகுப்பாசிரியர் கையில் இருக்கவேண்டும்.